களவை வாங்கியவள்

எங்கள் பகுதியில் நடந்த களவுகளை ஏறக்குறைய இரண்டு வருடங்கள் ஒரு கொப்பியில் எழுதி வந்தவள் நான். கோப்பாயில் எங்கள் ஒழுங்கையும் அக்கம்பக்கத்து மூன்று ஒழுங்கைகளும் சேர்ந்து ஒரு விழிப்புக் குழு அமைத்தபோது, கையெழுத்து வடிவாக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்து, நாலு மணிக்குக் கொப்பியோடு சனசமூக நிலையத்துக்குப் போவேன். தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

முதலில் சைக்கிள்கள்தான் போயின. கோயில் வாசலில், ரியூசன் கொட்டில் வாசலில், சந்தைக்கு வெளியே. பிறகு றோட்டுக்குத் தார் போட்டார்கள், ரவுணில் இருந்த கடைகள் மெல்ல மெல்ல எங்கள் பக்கம் வரத் தொடங்கின, காணி விலை ஏறியது, தோட்டக் காணிகளுக்கு நடுவே இரண்டு மாடி வீடுகள் எழும்பின. களவும் அதற்கேற்ப மாறியது. மோட்டார் சைக்கிளில் வந்து பெண்களின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில் யன்னல் நிலைகளையும் கழற்றினார்கள். நாட்டில் சாமான்கள் எல்லாம் நெருப்பு விலை விற்ற காலத்தில் காஸ் சிலிண்டரும் தண்ணீர் மோட்டரும் செம்பு வயரும் போயின. யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்து வெளியே விட்டிருந்தவை எல்லாம் போயின. 'இவற்றை எடுத்து என்ன செய்வார்கள்?' என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். 'விற்பார்கள்' என்று யாராவது சொல்வார்கள். 'யார் வாங்குவது?' என்று அந்த இரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை எங்கள் மோட்டரும் போய்விட்டது. குழாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தால் சீமெந்துக் கட்டில் நான்கு ஆணிகளும் அறுத்த குழாயும் மட்டும் இருந்தன. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். அன்று மாலையே எங்கள் வீட்டுக் களவை நானே கொப்பியில் எழுதினேன். 'எங்கடை வீட்டுக்குள்ளை வந்திட்டுப் போயிருக்கிறாங்கள். இவங்களுக்குக் கையை வெட்ட வேணும்' என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். ஒரு ரீச்சர் அப்படிச் சொன்னது எல்லோருக்கும் பிடித்திருந்தது.

என் கணவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை செய்திருந்தது. பாரம் தூக்கக் கூடாது. மூன்று கிழமை நான்தான் துலாவும் கப்பியும் இல்லாத அந்தக் கிணற்றில் வெறும் கயிற்றால் தண்ணீர் அள்ளினேன். உள்ளங்கை உரிந்தது. புது மோட்டரின் விலையைக் கடையில் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். எங்களால் வாங்க முடியாத விலை என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் நெருக்கிப் பிடித்தால் வாங்கியிருக்கலாம். இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு பலரிடம் 'வேறு வழி இருக்கவில்லை' என்று சொல்லியிருக்கிறேன்.

பிரதான வீதியில் பழைய இரும்புக் கடை ஒன்று இருந்தது. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி 'பழைய இரும்பு, பித்தளை, செம்பு' என்று ஒழுங்கை ஒழுங்கையாகக் கத்திக்கொண்டு திரிபவர்கள் சாமான்களை அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இறங்கி உள்ளே போனேன். பின்னால் ஒரு படங்குக்குக் கீழே ஏழெட்டு மோட்டர்கள் வரிசையாக இருந்தன. எங்களுடையது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சத்தம் போட்டிருப்பேன்.

கடைக்காரர் ஒன்றை இழுத்து முன்னால் வைத்தார். கடும் பச்சை. புது விலையில் பாதிக்கும் குறைவாகச் சொன்னார்.

'இது ஆற்றை மோட்டர்?' என்று கேட்டேன்.

'வெளிநாட்டுக்குப் போன ஆக்கள் வித்தது, ரீச்சர்.'

'பில் தருவீங்களோ?'

அவர் சிரித்தார். 'பில் வேணுமெண்டால் புதுசு வாங்க வேணும். இது ஓடும். அவ்வளவுதான் நான் சொல்லுவன்.'

அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி நின்றேன். அவருடைய ஓட்டோவிலேயே ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குழாய் பொருத்த வந்தவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, 'ஆரோ கெட்டிக்காரன் செய்திருக்கிறான்' என்றார். விசிறியை மூடும் தகரம் இல்லாமல் போனதால், பால்மா ரின் ஒன்றின் மூடியை அளவாக வெட்டி, நான்கு துளை போட்டு, கம்பியால் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பசுவின் பாதி முகம் தெரிந்தது. மின்சார ஆளியைப் போட்டதும் ஒரு விதமாக விக்கி விக்கிப் பிறகு ஓடியது. குழாயில் தண்ணீர் வந்தது. அன்று பின்னேரம் தலைக்கு முழுகினேன்.

ஒரு மாதம் போயிருக்காது. ஞாயிறு கூட்டத்துக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகு, குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் வெங்காயமும் பீற்றூட்டும் போட்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர். நான் அவரிடம் பலமுறை வெங்காயம் வாங்கியிருக்கிறேன். தோட்டக் கிணற்றடியில் இருந்த மோட்டர் போய்விட்டது என்றும், பொலிஸில் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை என்றும், இப்போதுதான் எங்கள் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்ததாகவும் சொன்னார்.

'அடையாளம் ஏதும் இருக்கோ?' என்று தலைவர் கேட்டார்.

'ஓம் ஐயா. பச்சைப் பெயின்ற். பின்பக்க மூடி இல்லை. சந்தியிலை மோட்டர் திருத்துற அண்ணைதான் பால்மா ரின் மூடியை வெட்டிக் கட்டித் தந்தவர்.'

'எழுதுங்கோ ரீச்சர்' என்றார் தலைவர்.

எழுதினேன். 'நிறம்: பச்சை. அடையாளம்: விசிறி மூடிக்குப் பதிலாகப் பால்மா ரின் மூடி.' ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்தப் பெண் தொடர்ந்து கதைத்துக்கொண்டிருந்தார். வெங்காயம் முளை பிடித்து வந்த நேரம், வாளியால் அள்ளி ஊற்றிப் பார்த்ததாம், அரைவாசிப் பாத்திதான் தப்பியதாம். நான் தலையை நிமிர்த்தவில்லை. அப்போது, அந்தக் கதிரையில் இருந்தபடியே, 'அது என்னிடம் இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்றால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. பயம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. போன மாதம் கை வெட்ட வேண்டும் என்று சொன்ன வாய் அது. அதனால் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

'நாங்கள் களவெடுக்கேல்லையே. காசு குடுத்து வாங்கினது.'

'அந்த மனிசியின்ரை வெங்காயம் செத்துப் போச்சுதப்பா.'

'அதுக்கு நீர் என்ன செய்யிறது? எங்கடையை எடுத்தவன் கொண்டுவந்து தந்தவனோ? இப்ப போய்ச் சொன்னா, களவுச் சாமான் வாங்கினதெண்டு பொலிஸ் எங்களைத்தான் பிடிக்கும். நீர் அரசாங்கச் சம்பளம் எடுக்கிற ஆள். யோசிச்சுப் பாரும்.'

அவர் சொல்லித்தான் நான் பேசாமல் இருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது உண்மையல்ல. அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் அவரிடம் சொன்னேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கம்பியை முறித்து அந்த மூடியைக் கழற்றினேன். இரண்டாக மடித்து, மீன் கழிவோடு சேர்த்துப் பையில் கட்டி, குப்பை ஏற்ற வந்த உழவு இயந்திரத்தில் போட்டேன். அதைக் கழற்றச் சொல்லி என் கணவர் சொல்லவில்லை. அது முழுக்க என் வேலை.

அடுத்த கூட்டத்தில் சந்தேகம் மோட்டர் திருத்துகிறவர் மேல் போனது. சந்தியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அவருடைய மகள் என் வகுப்பில், ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். களவு போவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் அவர் அந்தத் தோட்டத்துக்குப் போய் வயரைச் சரிபார்த்தாராம். எந்த வீட்டில் என்ன மோட்டர், எத்தனை ஆணி, எந்தப் பக்கம் நாய் இல்லை என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவரைக் கூப்பிட்டு விசாரிப்பது என்று தீர்மானம் எடுத்தார்கள். தீர்மானத்தை எழுதியது நான்.

அவர் வந்தார். கையில் கிறீஸ் கறை. கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

'நான் கட்டின சாமானை நானே கழட்டிக்கொண்டு போவனோ ஐயா? பதினாறு வருசமா உங்கடை எல்லாற்றை வீட்டுக் கிணத்தடிக்கும் வந்து போறன். ஒரு ஆணி காணாமப் போனதோ?'

'நாங்கள் உம்மைக் கள்ளன் எண்டு சொல்லேல்லை. கேக்கிறம், அவ்வளவுதான்' என்றார் தலைவர்.

'கேட்டாலே காணும் ஐயா. மிச்சத்தைச் சனம் சொல்லும்.'

சனம் சொன்னது. அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். ஒரு காலை அவருடைய கடைக் கதவில் 'கள்ளன்' என்று சிவப்பு மையால் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அதைப் பார்த்தேன். அவர் மண்ணெண்ணெயும் துணியும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதே கிழமை என் வகுப்பில் ஒரு பிள்ளையின் கொம்பாஸ் பெட்டி காணாமல் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் மோட்டர் திருத்துகிறவரின் மகள் தானாகவே எழுந்து, தன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, என் மேசையில் வைத்துத் திறந்து காட்டினாள். 'பாருங்கோ ரீச்சர்' என்றாள். 'போய் இரும் பிள்ளை' என்று சொன்னேன். அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கொம்பாஸ் பெட்டி அன்று மத்தியானம் விளையாட்டுத் திடலில் கிடந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை அவளுடைய தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாவகச்சேரியில் ஒருவர் தன் கடையில் ஒரு பக்கத்தை வாடகைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம், நல்ல நடத்தைக்கு யாராவது ஒரு உத்தியோகத்தரின் கடிதம் கேட்கிறாராம்.

'உங்களிட்டைக் கேக்கலாமெண்டு வந்தனான். நீங்கள் குழுவிலையும் இருக்கிறபடியா, உங்கடை கடிதத்துக்கு மதிப்பிருக்கும்.'

'இருங்கோ, எழுதித் தாறன்' என்று விறாந்தையில் கதிரை போட்டேன். தேநீர் வைக்கக் குசினிக்குள் போனபோது குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. தாங்கி காலி. நான் கூப்பிடுவதற்குள் என் கணவர் வழக்கம்போல ஆளியைப் போட்டுவிட்டார். மோட்டர் விக்கி விக்கித் தொடங்கி, பிறகு ஓடியது.

நான் குசினி வாசலில் நின்றேன். விறாந்தையில் இருந்தவர் தலையை மெல்லக் கிணற்றடிப் பக்கம் திருப்பினார். விசிறியில் ஒரு இதழ் உடைந்திருந்ததால்தான் அந்த விக்கல் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதைத் திருத்தியவருக்கு அது ஒரு ஆளின் குரல் மாதிரி. ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். தேநீரைக் கொடுத்தேன், குடித்தார். கடிதத்தைக் கொடுத்தேன், வாசிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

'போட்டுவாறன் ரீச்சர்.'

கேற்றடிவரை போனேன். அவர் ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை. ஒரு ரீச்சரைப் பற்றி, கள்ளன் என்று பெயர் எடுத்த ஒருவர் சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்திருப்பார். அல்லது மகள் என் வகுப்பில் இருக்கிறாள் என்று நினைத்திருப்பார். எதுவாக இருந்தாலும், 'அவர் நேர்மையானவர், எனக்கு நன்கு தெரிந்தவர்' என்று நான் எழுதிக் கொடுத்த கடிதம் அவருடைய பையில் இருந்தது.

அடுத்த நாள் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பாட வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், 'இண்டைக்குச் சொல்லப் போறன்' என்றேன். அவர் கோபப்பட்டார், பிறகு, 'நானும் வரட்டோ?' என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

போகும் வழியில் மோட்டர் திருத்துகிறவரின் வீட்டுக்கு முன்னால் நின்று, 'கூட்டத்துக்கு ஒருக்கா வாங்கோ' என்று மட்டும் சொன்னேன். தோட்டக்காரப் பெண் ஒவ்வொரு கிழமையும் வருகிறவர். அன்று பன்னிரண்டு பேர் இருந்தார்கள். போன கூட்ட அறிக்கையை வாசித்து முடித்த பிறகு நான் திரும்பக் கதிரையில் இருக்காமல் நின்றேன்.

'அந்தப் பச்சை மோட்டர் என்னட்டை இருக்கு. பழைய இரும்புக் கடையிலை வாங்கினனான். களவுச் சாமான் எண்டு தெரியாமல் வாங்கிப்போட்டன். இப்பதான் தெரிய வந்தது.'

இப்படித்தான் சொன்னேன். உண்மையைச் சொல்லப் போன இடத்திலும் பாதிதான் வந்தது. தலைவரின் முகம் இளகியது. 'ரீச்சர், நீங்கள் என்ன செய்யிறது, தெரியாமல் நடந்ததுதானே' என்றார். இரண்டொருவர் ஓம், ஓம் என்றார்கள். எனக்குள் ஒரு ஆறுதல் கூட வரத் தொடங்கியது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கதவோரம் நின்ற மோட்டர் திருத்துகிறவர்தான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

'மூடி அப்பிடியே இருக்கோ ரீச்சர்?'

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். இருக்கிறது என்று சொல்ல முடியாது. வாங்கும்போதே இல்லை என்று சொல்லலாம். இரண்டாவது பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய மகள் திறந்து வைத்த புத்தகப் பை கண் முன்னால் வந்தது.

'நான்தான் கழட்டி எறிஞ்சனான்' என்றேன். 'இந்த மனிசி இஞ்சை வந்து அடையாளம் சொன்ன அண்டைக்கே எனக்குத் தெரியும். அடுத்த நாள் கழட்டினனான்.'

வெளியே யாரோ கரம்போட்டில் காய் அடிக்கும் சத்தம் கேட்டது. தோட்டக்காரப் பெண் என்னைப் பார்த்தபடியே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

'நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினியள்' என்றார். 'என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு எழுதினியள்.'

முகத்தைப் பார்க்கவில்லை, அதுதான் உண்மை. ஆனால் அதைத் திருத்துவதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது? கொப்பியைத் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மோட்டர் திருத்துகிறவரிடம் மன்னிப்புக் கேட்க முன்னால் போனபோது அவர் ஏற்கெனவே சைக்கிளை எடுத்துவிட்டார்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுப் பொலிஸில் போய் வாக்குமூலம் கொடுத்தேன். என்னைக் கதிரையில் இருத்தி, 'ரீச்சர்' என்று மரியாதையாகக் கதைத்தார்கள். இரும்புக் கடையில் இருந்து இன்னும் நான்கு மோட்டர்கள் எடுத்ததாகவும், ஓட்டோவில் திரிந்த இருவரைப் பிடித்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் பழைய மோட்டர் அதில் இல்லை. நான் வழக்கில் ஒரு சாட்சி மட்டும்தான். எங்கள் வீட்டுக் கதவில் யாரும் எதையும் எழுதவில்லை. ஒழுங்கையில் சிலர் என்னைக் கண்டு முன்பு போல மரியாதைக்குச் சைக்கிளில் இருந்து இறங்காமல் போனார்கள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. இன்னும் சிலர் தனியாகக் கண்டபோது, 'எங்கடை வீட்டிலையும் ஒண்டு அப்பிடி வாங்கினதுதான் ரீச்சர், நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

தோட்டக்காரப் பெண் தன் மோட்டரை எடுத்துப் போனார். செத்த பாத்திகளுக்கு நான் கொடுக்க நினைத்ததை வாங்கவில்லை. இப்போதும் சந்தையில் கண்டால் மற்றவர்களுக்கு நிறுப்பது போலவே எனக்கும் வெங்காயம் நிறுத்துத் தருவார். ஒரு வார்த்தை கதைக்க மாட்டார்.

மோட்டர் திருத்துகிறவர் கள்ளன் இல்லை என்று குழு ஒரு தீர்மானம் எழுதியது. புதுச் செயலாளர் எழுதினார். ஆனாலும் அவருக்கு வேலை திரும்பி வரவில்லை. அவரைக் கண்டால் தங்களுக்கு வெட்கம் என்று சிலர் சொன்னார்கள். வெட்கத்தில் கூப்பிடாமல் விட்டார்கள். அவர் குடும்பத்தோடு சாவகச்சேரிக்குப் போய்விட்டார். மகளுக்குப் பள்ளி விடுகைப் பத்திரம் வாங்கத் தாய்தான் வந்தார். என் வகுப்புப் பக்கம் வரவில்லை.

போன வருடம் என் மாமியாரைச் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். ஒரு பின்னேரம் இளநீர் வாங்கச் சந்தைப் பக்கம் நடந்தபோது அவருடைய கடையைக் கண்டேன். முன்னையதை விடப் பெரிய கடை. ஒரு வாடிக்கையாளருக்கு மோட்டரைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தெருவுக்கு மற்றப் பக்கத்தில் நின்றேன். வாடிக்கையாளர் போனதும் தெருவைக் கடந்து கடைக்குள் போனேன்.

'வாங்கோ ரீச்சர்' என்று கதிரையைத் துணியால் துடைத்துப் போட்டார். மாமியாரின் சுகம் விசாரித்தார். மகள் நன்றாகப் படிக்கிறாள் என்றார்.

'நான் உங்களிட்டை நேரா வந்து கேட்டிருக்க வேணும்' என்று தொடங்கினேன். 'அண்டைக்கு நீங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கேக்கை...'

அவர் கையைக் கொஞ்சம் உயர்த்தினார். தெருவைப் பார்த்துவிட்டுக் கதைத்தார்.

'ரீச்சர், நீங்கள் சொல்ல வாறது எனக்கு விளங்குது. எனக்கு உங்களோடை கோவம் ஒண்டும் இல்லை. ஆனா இஞ்சை ஒருத்தருக்கும் அந்தக் கதை தெரியாது. நான் களவெடுக்கேல்லை எண்ட கதையும் தெரியாது. அதைச் சொல்ல வெளிக்கிட்டால் மற்றதையும் சொல்ல வேணும்.' குரலை இன்னும் தாழ்த்தினார். 'குறை நினையாதேங்கோ. நீங்கள் இந்தப் பக்கம் வராமல் விட்டால் எனக்கு உதவி.'

ஓம் என்று சொல்லி எழுந்தேன். அந்த நேரம் ஒருவர் உள்ளே வந்தார். 'ஆர் உவ?' என்று அவரைக் கேட்டார்.

'வழி கேட்டு வந்தவ' என்று சொல்லிவிட்டு, அவர் திருகுசாவியை எடுத்து ஒரு ஆணியைக் கழற்றத் தொடங்கினார்.